எக்ஸிபிஷன் என்றால் ராட்டினம் மட்டுமில்லை: வேலூரிலிருந்து முதல்முறை கலைக்கூடம் போகிறவர்களுக்கு

வேலூரில் யாராவது "எக்ஸிபிஷன் போட்டிருக்காங்க" என்று சொன்னால் நமக்கு உடனே ஞாபகம் வருவது ராட்டினம், மரணக் கிணறு, தட்டைவிடப் பெரிய டெல்லி அப்பளம். ஓவியக் கண்காட்சி என்று சொல்லிப் பாருங்கள். "அங்க போய் என்ன பண்றது?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் ரொம்ப நாள் பதில் தெரியவில்லை.

மியூசியம் என்றால் எனக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா. இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வரிசையில் நடக்க வேண்டும். "தொடாதே, நிக்காதே, போய்க்கிட்டே இரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்துகொண்டே இருக்கும். இருபது நிமிடத்தில் பின்வாசல் வழியாக வெளியே வந்து, மரத்தடியில் புளிசாதம். என்ன பார்த்தோம் என்று வீட்டில் கேட்டால் புளிசாதத்தைத்தான் சொல்ல முடியும். அந்தக் குரலில் "தொடாதே" சரி. மற்ற இரண்டையும் மறந்துவிட வேண்டும். கலைக்கூடத்தில் நிற்பதுதான் வேலையே. இந்தக் கட்டுரை முழுக்க எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பற்றித்தான்.

முதல் பயிற்சி கோட்டைக்குள்ளே

நேராகச் சென்னைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கோட்டை நடக்கிற தூரம். அதற்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கோட்டைக்குப் பத்து முறை போயிருப்போம், அகழி ஓரம் உட்கார்ந்து கடலை சாப்பிட்டிருப்போம், ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டிருப்போம். மியூசியத்துக்குள் எத்தனை பேர் போயிருக்கிறோம்? பழைய வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்து, பிறகு பெயரும் மாறி, 2019இல் இன்னும் சிதறிப்போனாலும், அந்தப் பெரிய மாவட்டத்தின் பொருள்கள் பலவற்றை இங்கே ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம்.

இங்கே உங்களுக்கு ஒரே ஒரு வேலை. ஒரு சுற்று வேகமாக வந்துவிடுங்கள், எதையும் படிக்க வேண்டாம். அப்புறம் திரும்பிப் போய் மூன்று பொருள்களின் முன்னால் மட்டும் நில்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் என்பது கேட்பதற்குச் சின்னது, நின்று பார்த்தால்தான் நீளம் தெரியும். மூன்றாவது நிமிடத்தில் கை தானாகப் போனைத் தேடும். அதைத் தாண்டிவிட்டால் கண் வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

எந்த மூன்று என்று கேட்டால், என் ஓட்டு முதலில் நடுகல்லுக்கு. நம் பக்கம், குறிப்பாகச் செங்கத்தைச் சுற்றி, நடுகற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஒரு நடுகல் முன்னால் முதல் நிமிடம் தெரிவது ஒரு மனிதன், அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்தால் அவன் கையில் வில் தெரியும், மறு கையில் குறுவாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால், உடம்பில் கோடு போல இருந்தது கோடு இல்லை, தைத்த அம்பு என்று புரியும். சில கற்களில் காலடியில் கெண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பார்கள், செத்த பிறகும் அவனுக்குத் தேவைப்படும் என்று நினைத்தவர்கள் போல. மேலே இருக்கிற எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து, நம்மால் படிக்க முடியாது. ஆனால் அதில் அடிக்கடி வருகிற இரண்டு சொல்லைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களைத் தடுத்து, மந்தையை மீட்கப் போய்ச் செத்த ஊர்க்காரன் ஒருவனுடைய படம்தான் அது. பக்கத்தில் குட்டியாக மாடுகள் தெரிகின்றனவா என்று தேடுங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் இந்தத் தேடலை அவர்களிடமே விட்டுவிடலாம், நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது, யானைத் தந்தச் சதுரங்கப் பலகை. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்தியது. 1815இல் பிடிபட்டு, 1816இல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் இறக்கும்வரை அவர் இந்தச் சுவர்களுக்குள்தான் இருந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவருடைய நினைவிடம்தான். பலகையின் வேலைப்பாட்டைப் பார்த்து முடித்ததும் ஒன்றை யோசியுங்கள்: பதினாறு வருடம், எதிரே உட்கார்ந்து ஆடியது யார்? பலகையில் அதற்குப் பதில் இல்லைதான். ஆனாலும் அப்படி ஒரு கேள்வி வந்துவிட்டால் அந்தப் பொருள் மறக்காது. மூன்றாவதை நீங்களே தேர்ந்தெடுங்கள். வேலூர் வட்டத்தில் கிடைத்த, கைப்பிடி இரண்டாகப் பிரிந்து பூச்சியின் உணர்கொம்பு போலிருக்கும் வெண்கல வாள் ஒன்று இருக்கிறது, அதுவும் நல்ல தேர்வு.

வெளியே வந்ததும் கோவில் கல்யாண மண்டபத்துக்குப் போய் ஒரே ஒரு தூணைச் சுற்றி வாருங்கள். குதிரை வீரன், யாளி எல்லாம் எப்போதும் அங்கேதான் இருந்தன. அன்றைக்கு வேறு மாதிரித் தெரியும். டிக்கெட்டும் கிடையாது.

நாள் பார்த்துக் கிளம்புங்கள்

தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் கதவு திறக்காது. இரண்டாம் சனியன்று போவதாக இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பொதுவாகக் காலை 9.30க்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுவார்கள். பெங்களூரில் பெரிய கலைக்கூடங்களுக்குத் திங்கள் விடுமுறை. தென்னிந்தியாவின் பழைய வீடுகளையும் கைவினைகளையும் காட்டுகிற முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், முதல்முறை நான் வேலைக்கு லீவு போட்டு, விடியற்காலை ரயிலேறி, பூட்டிய கேட்டின் முன்னால் போய் நின்றது ஒரு வெள்ளிக்கிழமை. கேட் பக்கத்திலிருந்த இளநீர்க்காரர் "இன்னைக்கு நீங்க நாலாவது ஆளு" என்றார். தப்பு முழுக்க என்னுடையது, இளநீர் மட்டும் நன்றாக இருந்தது.

இன்னொன்று. கட்டடம் திறந்திருந்தாலும் நீங்கள் பார்க்க நினைத்த கூடம் பராமரிப்புக்காக மூடியிருக்கலாம். ஒரு குறிப்பிட்ட படத்துக்காகவே போகிறீர்கள் என்றால் போன் போட்டு "அந்த கேலரி திறந்திருக்கா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். "மியூசியம் இருக்கா" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும்.

எது நிற்கும், எது போய்விடும்

கலைக்கூடத்தில் இரண்டு வகைக் காட்சி உண்டு. ஒன்று நிரந்தரமானது. அடுத்த வருடம் போனாலும் பெரும்பாலும் அதே இடத்தில் இருக்கும். இன்னொன்று மாறிக்கொண்டே இருப்பது. ஒரு ஓவியருடையதாக இருக்கலாம், ஒரு காலத்தைப் பற்றியதாக இருக்கலாம், வேறு ஊரிலிருந்து இரவல் வாங்கி வந்ததாகவும் இருக்கலாம். சில வாரம், சில மாதம், அப்புறம் கழற்றி விடுவார்கள். புதிதாகப் போகிறவர்கள் வாசலிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், களைத்துப்போன நேரத்தில் மாறும் கண்காட்சிக்கு வந்து சேருவார்கள். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். போய்விடப் போவதை முதலில், கால் வலிக்காத நேரத்தில் பாருங்கள்.

ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? இடம் போதாது என்பது ஒரு காரணம். பெரிய அருங்காட்சியகம் எதுவானாலும், கைவசம் இருப்பதில் ஒரு பகுதியைத்தான் சுவரில் மாட்ட முடியும், மிச்சம் கிடங்கில் இருக்கும். முக்கியமான காரணம் வெளிச்சம். உங்கள் பாட்டி பட்டுச்சேலையை வெயிலில் காயப்போட விட்டாரா? நிழலில்தான் காயப்போடுவார், சாயம் போய்விடும் என்பார். காகிதத்தில் வரைந்த படமும், துணியும், பழைய புகைப்படமும் அப்படித்தான். விளக்கு வெளிச்சத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. அதனால்தான் அந்த அறைகளில் மங்கலான விளக்கு. அதனால்தான் சில மாதம் காட்டிவிட்டு இருட்டில் ஓய்வு கொடுக்கிறார்கள். "கரண்டுக்குக் கஞ்சத்தனம் பண்றாங்க" என்று ஒருவர் சத்தமாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் இரண்டு நிமிடம் சும்மா நின்றால் கண் பழகிவிடும். போனில் ஃபிளாஷ் போடக் கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

காட்பாடியில் ரயிலேறி

நமக்கு ஒரு வசதி. காட்பாடி ஜங்ஷன் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் காலையில் போய் இரவு வீடு திரும்பலாம். நான் முதலில் சென்னையைத்தான் சொல்வேன்.

காலையில் சென்ட்ரல் போகிற வண்டி எதுவானாலும் சரி. ஏலகிரி எக்ஸ்பிரஸ் என்றால் சீசன் டிக்கெட்காரர்கள் கூட்டம் இருக்கும், உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அரக்கோணம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் கண்ணை வைத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் திருவாலங்காடு என்ற சின்ன ஸ்டேஷன் ஓடிப்போகும். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்துபோய்ச் சேர்ந்த தலம், நடராஜரின் ரத்தின சபை. நீங்கள் இன்னும் இரண்டு மணி நேரத்தில் எழும்பூரில் பார்க்கப்போகிற நடராஜர் வெண்கலம் அந்த ஊரிலிருந்து போனதுதான்.

சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடக்கலாம், வெயில் அதிகமென்றால் ஆட்டோ. 1851இல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகம் அங்கேதான். பழைய சென்னைவாசிகள் இதற்கு வைத்த பெயர் "செத்த காலேஜ்". சென்ட்ரல் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலை "உயிர் காலேஜ்". இதைவிடச் சுருக்கமாக ஒரு மியூசியத்தை யாராலும் விளக்க முடியாது.

ஒரே வளாகத்தில் பல கட்டடங்கள். கல்லுக்கு ஒன்று, வெண்கலத்துக்கு ஒன்று, விலங்குகளுக்குத் தனியாக. திமிங்கல எலும்புக்கூடு கூட இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்பினால் மதியத்துக்குள் கால் விட்டுவிடும், கண் அதற்கு முன்பே விட்டுவிடும். முதல் பயணத்துக்கு வெண்கலக் கூடம், ஆந்திராவின் பழைய பௌத்தத் தூபியிலிருந்து வந்த அமராவதிச் சிற்பங்கள், ஓவியம் இருக்கிற ஏதாவது ஓர் அறை. போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து பத்து நிமிடம் உட்காருங்கள்.

வெண்கலத்தின் முன்னால்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம்.

கோவிலில் உற்சவரை நாம் எப்படிப் பார்க்கிறோம்? பட்டு, மாலை, கவசம், தீபாராதனை வெளிச்சம். முகம் தெரிந்தால் பெரிய விஷயம், அதற்குள் பின்னாலிருந்து "நகருங்க, நகருங்க". அலங்காரத்துக்குள் இருக்கிற உடம்பைச் செய்தவன் எப்படிச் செய்தான் என்பதை அங்கே பார்க்கவே முடியாது. பார்க்க வேண்டிய இடமும் அது இல்லை. எழும்பூரில் அதே மாதிரி மேனிகள் அலங்காரம் எதுவும் இல்லாமல் நிற்கின்றன. முதுகைப் பார்க்கலாம். இடுப்பு ஒடிகிற இடத்தைப் பார்க்கலாம். இந்த ஒரு வாய்ப்புக்காகவே ரயில் டிக்கெட் காசு செரித்துவிடும்.

திருவாலங்காட்டு நடராஜருக்கு இப்போது திருவாசி இல்லை. பறக்கிற விரிசடையும் இல்லை. நம் மனத்தில் இருக்கிற நடராஜர் படத்தில் பாதி அந்த நெருப்பு வட்டமும் சடையும்தான். அவை இல்லாததால் கண் நேராக உடம்புக்குப் போகிறது. ஊன்றிய காலைப் பாருங்கள், முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கிறது. மொத்த எடையும் அந்த ஒரு காலில். தூக்கிய கால் உடம்பின் குறுக்கே போகிறது, இருந்தும் மேனி ஒரு பக்கம் சாயவில்லை. நீங்கள் யாரும் பார்க்காத நேரத்தில் அப்படி ஒருமுறை நின்று பாருங்கள், எத்தனை விநாடி தாக்குப்பிடிக்கிறீர்கள் என்று. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் சென்னையிலிருந்து போன புகைப்படங்களை மட்டும் பார்த்தே இந்த உருவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக வியந்து எழுதினார். நமக்கு மூன்று மணி நேரப் பயணத்தில் நேரிலேயே கிடைக்கிறது.

அதே கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரியையும் தேடிப்பிடியுங்கள். நேர் எதிரே நின்று, நடுவில் ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொண்டு, இடப்பக்கத்தைக் கையால் மறைத்து ஒருமுறை, வலப்பக்கத்தை மறைத்து ஒருமுறை பாருங்கள். தோள் அகலம், இடுப்பு வளைவு, கையின் எண்ணிக்கை எல்லாம் மாறும். கோடு எங்கே என்று மட்டும் பிடிபடாது.

இவையெல்லாம் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகம் ஊற்றி வார்த்தவை. அச்சை உடைத்துத்தான் உருவத்தை எடுக்க முடியும், அதனால் ஒன்று போல இன்னொன்று வராது. கை வைக்காதீர்கள். நம் விரலின் வியர்வையில் உப்பு இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, உலோகத்தில் அந்தத் தடம் கறையாகத் தங்கிவிடும். கன்னத்தில் போட்டுக்கொள்வதில் தடை ஏதும் கிடையாது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்த ஒரு பாட்டியை அங்கே பார்த்திருக்கிறேன். காவலர் "போட்டுக்கிட்டே வரலாம்மா" என்றதற்கு, "எனக்குத் தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு ஒவ்வொரு மேனி முன்னாலும் நின்று நின்று போனார். அன்றைக்கு அந்தக் கூடத்தில் எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்தவர் அவர்தான்.

காவலர்களிடம் பேச்சுக் கொடுங்கள். "அண்ணே, இதுல நீங்க எதைப் பார்ப்பீங்க?" என்று கேட்டால் யாரும் எழுதி வைக்காத தகவல் வரும், எந்த ஜன்னல் வெளிச்சம் எந்தச் சிலை மேல் எத்தனை மணிக்கு விழும் என்பது வரை.

சுவரில் இருக்கிற சின்ன அட்டை

படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையை முதலில் படித்தால் படத்தைப் பார்க்க மாட்டோம், சரிபார்ப்போம். முதலில் படம், அப்புறம் அட்டை, மறுபடி படம். இந்த வரிசையை விடாதீர்கள்.

அட்டையில் பெயர், தலைப்பு, வருடம், எதில் செய்தது, அளவு ஆகியவை இருக்கும். அளவில் உயரம் முதலில் வருவது வழக்கம். "தலைப்பில்லாதது" என்று இருந்தால் ஓவியர் சோம்பேறி என்று அர்த்தமில்லை, நாம் எதையும் முன்கூட்டியே நினைத்துக்கொள்ளக் கூடாது என்று விட்டிருப்பார். அச்சுப் படங்களின் கீழே பென்சிலில் 3/25 என்பது போல எழுதியிருப்பதைப் பார்க்கலாம். தேதி இல்லை அது. ஒரே தகட்டிலிருந்து 25 பிரதி எடுத்தார்கள், இது அதில் மூன்றாவது. விற்பனைக்கு வைத்த கண்காட்சியில் அட்டை மேல் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அந்தப் படம் விற்றுவிட்டது. என் நண்பன் ஒருவன் நன்றாக இருக்கிற படங்களுக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அவற்றை மட்டும் பார்த்துவிட்டு வந்தான். ஒரு வகையில் அதுவும் சரிதான்.

வாரா வாரம் மாறுகிற இடங்கள்

எழும்பூரிலிருந்து ஆட்டோவில் கிரீம்ஸ் ரோடு பக்கம்தான். அங்கே மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதமியின் மண்டல மையம் இருக்கிறது. அரங்குகளில் ஓவியர்கள் கண்காட்சி வைப்பார்கள், ஒரு வாரம் போல இருக்கும், அப்புறம் அடுத்தவர். என்ன நடக்கிறது என்று பார்க்க அவர்களுடைய சமூக ஊடகப் பக்கம், நாளிதழில் வருகிற "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதி, தெரிந்த கலைக் கல்லூரி மாணவர் யாராவது. மூன்றில் கடைசிதான் நம்பகமானது. வேப்பேரி பக்கம் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது, அங்கே படிக்கிற பையன்களுக்கு ஊரில் எந்தச் சுவரில் என்ன தொங்குகிறது என்று அத்துப்படி.

இந்த மாதிரி இடத்தில் புதிதாகப் போகிறவர்கள் தயங்குவது வாசலில்தான். கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே ஒருவர் மட்டும் நாற்காலியில். "நம்மை விடுவார்களா, வாங்கச் சொல்வார்களா?" விடுவார்கள், வாங்கச் சொல்ல மாட்டார்கள். கையெழுத்து நோட்டில் பெயரையும் ஊரையும் எழுதுங்கள், வேலூர் என்று எழுதினால் நிச்சயம் பேச்சு வரும். அந்த நாற்காலியில் இருப்பவர் பெரும்பாலும் வரைந்தவரே.

அப்படி ஒரு கண்காட்சியில் ஆள் உயரச் சாம்பல் நிறப் படம் ஒன்றின் முன்னால் நின்றேன். உருவம் ஒன்றும் இல்லை. நரைத்த தாடிக்காரர் ஒருவர் டீ டம்ளரோடு எழுந்து வந்தார்.

"எந்த ஊர் தம்பி?"

"வேலூர் சார்."

"மரமில்லாத மலை ஊரா! அப்ப இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே. இப்படி இந்தப் பக்கம் வந்து பாருங்க."

இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தேன். விளக்கு பக்கவாட்டில் விழ, சாம்பல் பரப்பு முழுக்கப் பிளவும் விளிம்புமாக எழுந்தது. வண்ணத்தைத் தடிமனாக அப்பி, பாதி காய்ந்ததும் தகட்டால் சுரண்டி எடுத்திருக்கிறார். ஏப்ரல் மதியத்தில் நம் ஊர் மலையை வெறுங்கண்ணால் பார்க்க முடியாதே, அந்தக் கூச்சம் அதில் இருந்தது. நேர் எதிரே நின்றிருந்தால் கடைசிவரை அது சாம்பல் நிறச் சுவர்தான்.

அதிலிருந்து எனக்கு இரண்டு பழக்கம். எந்தப் படத்தையும் மூன்று இடத்திலிருந்து பார்ப்பேன்: தூரத்திலிருந்து, கையெட்டும் தூரத்தில், ஓரத்திலிருந்து. அப்புறம் ஓவியரிடம் "இது என்ன?" என்று கேட்பதில்லை. "இதை எப்படிச் செய்தீங்க?" என்று கேட்பேன். முதல் கேள்விக்கு அவர் சங்கடப்படுவார், இரண்டாவதற்கு அரை மணி நேரம் பேசுவார்.

திறப்பு விழா நாளில் போனால் குத்துவிளக்கு, பேச்சு, டீ, சமோசா எல்லாம் உண்டு. கூட்டத்தில் படம்தான் தெரியாது. சமோசா வேண்டுமா படம் வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நான் மறுநாள் போகிற கட்சி.

புரியவில்லை என்றால்

புரியாது. முதலில் அதை ஒத்துக்கொள்வோம். ஆனால் நமக்குப் புரியாத நவீன ஓவியத்தில் நமக்குத் தெரிந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் ஒளிந்திருக்கும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் வரையத் தொடங்கிய "சொல்லும் குறியும்" என்ற வரிசைப் படங்களைப் பாருங்கள். பொடிப்பொடியாக எழுத்து, ஆனால் எந்த மொழியும் இல்லை. நடுநடுவே கட்டங்கள், குட்டி உருவங்கள். வீட்டு அலமாரியில் மஞ்சள் தடவி வைத்திருக்கிற ஜாதக நோட்டு ஞாபகம் வந்துவிடும். ஜாதகத்தை மட்டும் நாம் படித்துப் புரிந்துகொண்டா வைத்திருக்கிறோம்? பணிக்கரும் நண்பர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, மாறும் கண்காட்சிகளும் நடக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் தட்சிணசித்ரா. இந்த இரண்டுக்கும் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், எழும்பூரோடு சேர்க்காதீர்கள்.

பெங்களூர் இரண்டாம் கட்டம். பேலஸ் ரோட்டில் மாணிக்கவேலு மாளிகை என்ற பழைய பங்களாவில் 2009இலிருந்து தேசிய நவீனக் கலைக்கூடம் இயங்குகிறது. கஸ்தூர்பா ரோட்டில் 2023இல் திறந்த மேப், அதாவது மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் ஃபோட்டோகிராஃபி. இரண்டிலும் கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று. மூன்றாவது வேண்டாம்.

கையில் என்ன

பென்சிலும் சின்ன நோட்டும். பல இடங்களில் பேனாவை வெளியே எடுத்தால் காவலர் வந்துவிடுவார், மை தெறித்தால் போகாது. பையை வாசலில் வைக்கச் சொல்வார்கள், அதனால் பர்ஸும் போனும் சட்டைப் பையில் இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் உள்ளே வராது. தட்டையான ஒரு பிளாஸ்டிக் ஃபைல் எடுத்துப் போங்கள். கண்காட்சியில் கொடுக்கிற கையேடு, அட்டை எல்லாம் ரயில் கூட்டத்தில் கசங்காமல் வர அதுதான் வழி. படம் எடுப்பதற்கு இடத்துக்கு ஒரு விதி, கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்தாலும் மூன்று நான்கோடு நிறுத்துங்கள்.

குழந்தைகள் ஒரு மணி நேரம் தாங்குவார்கள். வயதானவர்களுக்கு எங்கே நாற்காலி இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு அதற்குப் பக்கத்து அறையில் ஆரம்பிக்கலாம். துணைக்கு வருகிறவர் வேகமாக நடக்கிற ரகம் என்றால் சேர்ந்து பார்க்க முயற்சி செய்யாதீர்கள், சண்டைதான் வரும். "ஒரு மணிக்கு வாசல்ல பார்க்கலாம்" என்று பிரிந்துவிடுங்கள். அப்புறம் சாப்பிடும்போது அவர் பார்த்ததை அவர் சொல்லட்டும், நீங்கள் பார்த்ததை நீங்கள்.

திரும்பும் வண்டியில் உட்கார இடம் கிடைத்ததும், அரக்கோணம் வருவதற்குள் நோட்டை எடுத்து அன்றைக்குப் பார்த்த ஒரு பொருளைப் படம் பார்க்காமல் வரைந்து பாருங்கள். கோணல்மாணலாகத்தான் வரும். எந்த இடத்தில் கை நிற்கிறதோ, நடராஜரின் இடக்கை எந்தப் பக்கம் போனது என்று எங்கே தடுமாறுகிறீர்களோ, அதைப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதி வையுங்கள். அடுத்த முறை எழும்பூர் வாசலில் டிக்கெட் வாங்கியதும் நேராக அங்கே போய் நிற்கலாம்.